மலிவுவிலைக் கைக்கடிகாரம் ஸ்கூபா முக்குளிப்பின் நேரங்காட்டியாக: ஒரு திறனாய்வு

காற்று உருளையை முதுகில் சுமந்துகொண்டு நீருக்கடியில் மூச்சுவிட்டு நீந்தும் முறை ஸ்கூபா முக்குளிப்பு எனப்படும். இம்முறையில் முக்குளிப்பவர் ஒருவர் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பது அவருடைய உடல்நலத்தைத் தீர்மானிக்கும் செய்தி ஆகும். இந்த நேரத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையா, கடைத்தெருவில் கிடைக்கும் மலிவான கைக்கடிகாரமே போதுமா என்பது முக்குளிப்பைப் புதிதாகக் கற்பவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி. 'காசு கொடுத்தால்தான் பாதுகாப்பு' என்பது ஒரு தரப்பு. 'நேரம் நேரம்தான், எந்தக் கடிகாரம் காட்டினால் என்ன' என்பது மறு தரப்பு. இவ்விரண்டு கூற்றுகளையும் இயற்பியல் அடிப்படையிலும் நடைமுறை அடிப்படையிலும் சோதித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுகளாக கேசியோ நிறுவனத்தின் இரண்டு கடிகாரங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று எஃப்-91டபிள்யூ என்னும் எண்முறைக் கடிகாரம். மற்றது எம்டிவி-106 என்னும் முள் கடிகாரம்.

நேரம் ஏன் முக்கியம்

கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நீர்மட்டத்தில் ஏற்கெனவே ஒரு வளிமண்டல அழுத்தம் இருப்பதால், 30 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பவரின் உடல்மீது நான்கு வளிமண்டல அழுத்தம் செயல்படும். அவர் மூச்சிழுக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் நுரையீரலுக்குள் செல்கிறது.

ஒரு நீர்மத்தில் கரையும் வளிமத்தின் அளவு அந்த வளிமத்தின் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஹென்றி விதி. எனவே ஆழத்தில் இருக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. இது ஒரே நொடியில் நடந்து முடிவதில்லை. நேரம் செல்லச் செல்லக் கரைந்துகொண்டே இருக்கும். முக்குளிப்பவர் வேகமாக மேலே வந்தால், மூடி திறந்த சோடா பாட்டிலில் குமிழ்கள் பொங்குவதைப் போல அந்த நைட்ரஜன் உடலுக்குள் குமிழ்களாக வெளிப்படும். மூட்டுவலி, உணர்வின்மை, பக்கவாதம், சில வேளைகளில் மரணம் வரை கொண்டு செல்லும் இந்நிலை அழுத்தத் தளர்வு நோய் எனப்படுகிறது.

இதைத் தவிர்ப்பதற்கான முதல் அட்டவணைகளை ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் பின்னர் பல அமைப்புகள் தத்தம் அட்டவணைகளை உருவாக்கியுள்ளன. பொழுதுபோக்கு முக்குளிப்பாளர்களுக்காக 1988ஆம் ஆண்டு வெளிவந்த பாடி அமைப்பின் அட்டவணைப்படி, இடையில் தங்காமல் நேராக மேலே வரக்கூடிய உச்ச நேரம் 18 மீட்டர் ஆழத்தில் 56 நிமிடங்கள். 30 மீட்டரில் 20 நிமிடங்கள். 40 மீட்டரில் 9 நிமிடங்கள் மட்டுமே. ஆழம் இரண்டு மடங்கு ஆகும்போது நேரம் பாதியாகவில்லை, ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. 18 மீட்டரில் ஐந்து நிமிடப் பிழை நேர்ந்தால் பத்தில் ஒரு பங்குதான் தவறும். 40 மீட்டரில் அதே ஐந்து நிமிடம் பாதிக்கும் மேல்.

ஆகவே ஒரு நேரங்காட்டியை மதிப்பிடும்போது, அது பிழைபட்டால் எந்தத் திசையில் பிழைபடும் என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். கூடுதல் நேரம் காட்டிப் பிழைபட்டால் முக்குளிப்பவர் முன்கூட்டியே மேலே வந்துவிடுவார். நட்டம் சில நிமிட இன்பம். குறைந்த நேரம் காட்டிப் பிழைபட்டால் நட்டம் அவருடைய முதுகுத்தண்டு.

வரலாற்றுப் பின்னணி

ரோலெக்ஸ் நிறுவனம் 1926ஆம் ஆண்டில் 'ஆய்ஸ்டர்' என்னும் நீர்புகாக் கூட்டை அறிமுகப்படுத்தியது. ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் 1943ஆம் ஆண்டில் 'அக்வாலங்' என்னும் மூச்சுக்கருவியை உருவாக்கிய பின்னரே ஸ்கூபா முக்குளிப்பு பரவலானது. அதற்கேற்ற கடிகாரங்களும் அடுத்த பத்தாண்டில் வந்தன. பிளாங்பெய்ன் நிறுவனத்தின் 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்' 1953ஆம் ஆண்டில் வெளிவந்தது. ரோலெக்ஸின் 'சப்மரீனர்' அதே காலத்தது. ஜப்பானில் செய்கோ நிறுவனம் தன் முதல் முக்குளிப்புக் கடிகாரத்தை 1965ஆம் ஆண்டில் வெளியிட்டது.

அக்காலத்தில் கைக்கடிகாரம், ஆழமானி, அட்டவணை ஆகிய மூன்றும்தான் முக்குளிப்பவரின் கருவிகள். இயந்திரக் கடிகாரம் என்பதால் நீர்புகாமலும் துல்லியமாகவும் செய்யப் பெரும் செலவு பிடித்தது. 'நல்ல முக்குளிப்புக் கடிகாரம் விலை உயர்ந்தது' என்ற எண்ணம் இந்தக் காலத்தில் வேரூன்றியது. அன்று அது உண்மையும்கூட.

இரண்டு மாற்றங்கள் இந்நிலையைப் புரட்டிப் போட்டன. 1969ஆம் ஆண்டு டிசம்பரில் செய்கோ வெளியிட்ட 'ஆஸ்ட்ரான்' குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் வழியே துல்லியம் மெல்ல மெல்ல மலிவானது. 1983ஆம் ஆண்டில் வந்த 'ஆர்கா எட்ஜ்' போன்ற மின்னணுக் கருவிகளால் ஆழத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முக்குளிப்புக் கணினி நடைமுறைக்கு வந்தது. இன்று விலையுயர்ந்த முக்குளிப்புக் கடிகாரம் பெரும்பாலும் அணிகலன். கணக்குப் பார்க்கும் வேலையைக் கணினி செய்கிறது. மலிவான கடிகாரத்துக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்பது இந்தப் பின்னணியில்தான் கேட்கப்பட வேண்டும்.

துல்லியம் பற்றிய வாதம்

மலிவான கடிகாரம் நேரத்தைச் சரியாகக் காட்டாது என்ற வாதம் முதலில் விழுந்துவிடும். எஃப்-91டபிள்யூ கடிகாரத்துக்கு நிறுவனம் தரும் துல்லியம் மாதத்துக்கு 30 நொடி கூடவோ குறையவோ என்பதாகும். அதாவது ஒரு நாளைக்கு ஒரு நொடி. ஒரு மணிநேர முக்குளிப்பில் வரக்கூடிய பிழை நொடியில் 24இல் ஒரு பங்கு. சுவிட்சர்லாந்தின் துல்லியச் சான்று பெற்ற இயந்திரக் கடிகாரங்களுக்கு நாளொன்றுக்கு 4 நொடி குறையவும் 6 நொடி கூடவும் இசைவு உண்டு. நேரங்காட்டும் வேலையில் ஓரிரு ஆயிரம் ரூபாய்க் குவார்ட்ஸ் கடிகாரம் பல லட்ச ரூபாய் இயந்திரக் கடிகாரத்தை வென்றுவிடுகிறது. முக்குளிப்பைப் பொறுத்தவரை இரண்டின் பிழையும் பொருட்படுத்தத் தக்கதன்று.

எனவே விலைக்கும் துல்லியத்துக்கும் தொடர்பில்லை. கவலைக்குரியவை வேறு: நீர் புகுதல், பொத்தான், கண்ணுக்குத் தெரிதல், பட்டை, பராமரிப்பு.

நீர்புகாத் தன்மை: எண்ணும் அதன் பொருளும்

எஃப்-91டபிள்யூ 1989ஆம் ஆண்டு முதல் விற்பனையில் உள்ளது. எடை ஏறக்குறைய 21 கிராம். முகப்பில் 'நீர் தடுப்பு' என்ற பொருள்படும் சொல் மட்டும் இருக்கும்; ஆழ எண் எதுவும் இராது. எம்டிவி-106 கடிகாரத்தின் முகப்பில் 200 மீட்டர் என்ற எண் உள்ளது. திருகி மூடும் சாவிக் குமிழ், திருகு வகைப் பின்மூடி, ஒருபக்கம் மட்டுமே திரும்பும் சுழல் வளையம் ஆகியவையும் அதில் உண்டு. அமெரிக்காவில் அது நீண்டகாலம் நூறு டாலருக்கும் குறைவாகவே விற்கப்பட்டு வந்துள்ளது.

கடிகாரத்தின்மீது எழுதப்பட்ட மீட்டர் எண் 'இந்த ஆழம் வரை கொண்டு செல்லலாம்' என்ற உறுதிமொழி அன்று. அது ஒரு சோதனை அழுத்தத்தை மீட்டராக மாற்றி எழுதிய எண். சாதாரண நீர்தடுப்புக் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 22810 தரம் உற்பத்தியிலிருந்து சில மாதிரிகளை எடுத்துச் சோதிப்பதை ஏற்கிறது. முக்குளிப்புக் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 தரம் இதைவிடக் கடுமையானது. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும்; குறிப்பிட்ட அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான அழுத்தத்தில் இரண்டு மணிநேரம் வைத்துச் சோதிக்க வேண்டும்; உப்புநீரிலும் வெப்ப மாற்றத்திலும் ஈடுகொடுக்க வேண்டும்; இருட்டில் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து படிக்க முடிய வேண்டும்; தற்செயலாகத் திரும்பாதபடி பாதுகாக்கப்பட்ட நேரக்குறிப்பு அமைப்பு வேண்டும். இத்தரத்தை நிறைவு செய்யும் கடிகாரங்கள் மட்டுமே 'டைவர்ஸ்' என்ற சொல்லை ஆழ எண்ணோடு சேர்த்துப் பொறித்துக்கொள்ளலாம். எம்டிவி-106இல் 200 மீட்டர் என்ற எண் உண்டு, அந்தச் சொல் இல்லை. வாங்குபவர் பலர் கவனிக்கத் தவறும் வேறுபாடு இது.

இங்கே எதிர்த் தரப்பினரின் மிகை ஒன்றையும் திருத்த வேண்டியுள்ளது. '30 மீட்டர் என்று போட்ட கடிகாரம் கையை வீசி நீந்தினாலே பழுதாகும், ஏனெனில் அசைவால் அழுத்தம் பல மடங்கு பெருகும்' என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இது கணக்குக்கு ஒத்துவரவில்லை. நீரில் அசையும் பொருளின்மீது கூடுதலாக வரும் அழுத்தம், நீரின் அடர்த்தியை வேகத்தின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்கினால் கிடைக்கும். கையை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசினால் கூடும் அழுத்தம் 20 சென்டிமீட்டர் நீருக்குச் சமம். நொடிக்கு 5 மீட்டர் என்ற அசுர வேகத்தில் வீசினாலும் 1.3 மீட்டர் நீருக்குச் சமம்தான். 30 மீட்டர் என்ற எண்ணின் முன் இவை அற்பம். படகிலிருந்து குதிக்கும்போது கடிகாரம் நீரில் மோதும் கணத்து அதிர்ச்சி இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆயினும் 'பல மடங்கு' என்ற பேச்சு பொருந்தாது.

அப்படியானால் குறைந்த எண்ணுள்ள கடிகாரங்களில் நீர் புகுவது ஏன்? காரணங்கள் எளியவை. சோதனை புதிய கடிகாரத்துக்கு, அசையாத நீரில், சில நிமிடங்கள் நடக்கிறது. பயன்பாடோ ஆண்டுக்கணக்கில், வெயிலில் காய்ந்து, உப்பில் ஊறி, சூடான படகுத் தளத்திலிருந்து குளிர்ந்த நீருக்குள் திடீரென்று இறங்கி நடக்கிறது. நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் நாளடைவில் இறுகி விரிசல் விடும். கடிகாரத்தைத் தோற்கடிப்பது பெரும்பாலும் ஆழத்தைவிட முதுமையே.

பொத்தான் என்னும் பலவீனம்

அழுத்தம் கடிகாரத்தின் முகத்தில் மட்டும் செயல்படுவதில்லை. பாஸ்கல் விதிப்படி எல்லாப் பக்கமும் சமமாகச் செயல்படும். 20 மீட்டர் ஆழத்தில் நீரால் மட்டும் கூடும் அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 2 கிலோகிராம் எடை. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொத்தான் தண்டின்மீது இது ஏறக்குறைய 60 கிராம் எடையால் உள்நோக்கித் தள்ளுவதற்குச் சமம். மெல்லிய சுருள்வில் கொண்ட பொத்தான் ஆழத்தில் தானாகவே அமுங்கலாம் என்பது இதிலிருந்து புலப்படும். நீருக்கடியில் விரலால் அழுத்தினால் தண்டு அசையும் இடைவெளியில் நீர் நுழையவும் கூடும்.

எஃப்-91டபிள்யூவின் வலப்பக்கப் பொத்தான் அதன் நிறுத்தற்கடிகாரத்தை ஓடவும் நிற்கவும் செய்கிறது. நீருக்குள் இறங்கும்முன் படகிலேயே அதை ஓடவிட்டுவிட்டால் அடியில் பொத்தானைத் தொடத் தேவையில்லை என்று பலர் கருதுவர். ஆனால் ஈரவுடையின் கைமடிப்போ, கருவிகளின் பட்டையோ, நீரின் அழுத்தமோ அந்தப் பொத்தானை ஒருமுறை அமுக்கிவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பவருக்கு அது குறைந்த நேரத்தையே காட்டும். மேலே சொன்ன ஆபத்தான திசைப் பிழை இதுதான். மேலும் அதன் நிறுத்தற்கடிகாரம் 59 நிமிடம் 59 நொடியோடு முடிந்து மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். ஆழம் குறைந்த இடத்தில் நீண்ட நேரம் இருப்பவர் 65ஆவது நிமிடத்தில் பார்த்தால் '5' என்று தெரியும். பழக்கப்பட்டவர் ஏமாறமாட்டார், குளிரிலும் களைப்பிலும் இருக்கும் புதியவர் ஏமாறலாம்.

எம்டிவி-106 போன்ற கடிகாரத்தின் சுழல் வளையம் இச்சிக்கலை எளிமையாகத் தீர்க்கிறது. இறங்கத் தொடங்கும்போது வளையத்திலுள்ள முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டும். பின்னர் நிமிட முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அதுவே கழிந்த நேரம். வளையம் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் மட்டுமே திரும்பும். எங்காவது இடித்து அது நகர்ந்தால் முக்கோணக் குறி நிமிட முள்ளைவிட்டு மேலும் விலகும். அதாவது கழிந்த நேரம் கூடுதலாகவே தெரியும். பிழைபட்டாலும் பாதுகாப்பான பக்கம் பிழைபடும் இந்த ஏற்பாட்டில் மின்னணு எதுவும் இல்லை, நீர் புகும் துளையும் இல்லை. முக்குளிப்புக் கடிகாரத்துக்குரிய சிறந்த எண்ணங்களுள் ஒன்று மலிவான கடிகாரத்திலும் குறைவின்றிக் கிடைக்கிறது என்பது எம்டிவி-106க்குச் சேரவேண்டிய பாராட்டு. வளையமும் 60 நிமிடத்துக்கு மேல் எண்ணாது என்பது உண்மையே. எனினும் மணி முள்ளும் கண்முன்னே இருப்பதால் ஒரு மணிநேரம் கடந்ததை அறிவது எளிது.

எண்முறைக் கடிகாரம் மட்டுமே கைவசம் உள்ளவர்களுக்கும் ஒரு வழி உண்டு. நிறுத்தற்கடிகாரத்தை விட்டுவிட்டு, இறங்கிய மணியை நீருக்கடியில் எழுதும் பலகையில் குறித்துக்கொண்டு, சாதாரண மணிகாட்டும் நிலையிலேயே கடிகாரத்தை வைத்திருக்கலாம். 10:12க்கு இறங்கி 10:40 என்று தெரிந்தால் 28 நிமிடம். பொத்தான் தவறுதலாக அமுங்கித் திரை வேறு நிலைக்கு மாறினாலும் உள்ளே மணி ஓடிக்கொண்டே இருக்கும். எழுதிய எண் அழியாது. நொடிக்கணக்கு கைவிட்டுப் போனாலும் நம்பகத்தன்மை கூடுகிறது.

தெரிவதும் தங்குவதும்

நீருக்கடியில் ஒளி விரைவில் மங்கும். எஃப்-91டபிள்யூவின் ஒளி, திரையின் ஓரத்திலிருந்து பரவும் ஒரு சிறு பச்சை விளக்கு. அதைப் போடவும் பொத்தானை அழுத்த வேண்டும். பகலில், தெளிந்த நீரில் இது குறையாகத் தெரியாது. கலங்கல் நீரிலும் இரவு முக்குளிப்பிலும் அதன் சிறிய எண்களைக் கைவிளக்கின் உதவியின்றிப் படிப்பது கடினம். எம்டிவி-106இன் முட்கள் பெரியவை. ஒரே பார்வையில் நிமிட முள் எங்கே என்று தெரிந்துவிடும். அதன் ஒளிர்பூச்சு விலையுயர்ந்த கடிகாரங்களைப் போல நெடுநேரம் நிற்பதில்லை என்பது அதைப் பயன்படுத்துவோர் பரவலாகச் சொல்லும் குறை.

பட்டை இன்னொரு சிக்கல். நுரை ரப்பரால் ஆன ஈரவுடை ஆழத்தில் அழுத்தத்தால் ஒடுங்கும். படகில் இறுக்கமாகக் கட்டிய பட்டை 20 மீட்டரில் தளர்ந்து தொங்கும். பட்டையைக் கடிகாரத்தோடு இணைக்கும் இரண்டு சிறு வில்லூசிகளில் ஒன்று கழன்றாலும் சாதாரணப் பட்டையில் கடிகாரம் கையைவிட்டுப் போய்விடும். இரண்டு ஊசிகளின் ஊடாகவும் ஒரே துண்டாகச் செல்லும் நைலான் பட்டையில் ஓர் ஊசி கழன்றாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். மலிவான கடிகாரத்துக்குச் செய்யத்தக்க முதல் மேம்பாடு இந்தப் பட்டைதான். செலவும் மிகக் குறைவு.

பேட்டரி மாற்றிய பின்

மலிவான கடிகாரத்தின் உண்மையான ஆபத்து வாங்கும் நாளில் இல்லை, பேட்டரி மாற்றும் நாளில் இருக்கிறது. எஃப்-91டபிள்யூவின் பேட்டரி ஏறக்குறைய ஏழு ஆண்டுகளும் எம்டிவி-106இன் பேட்டரி ஏறக்குறைய மூன்று ஆண்டுகளும் வரும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. தீர்ந்ததும் பெரும்பாலோர் தெருமுனைக் கடிகாரக் கடைக்குச் செல்வர். கடைக்காரர் பின்மூடியைத் திறந்து, புதுப் பேட்டரியை வைத்து, மூடித் தருவார். ரப்பர் வளையத்தைத் துடைத்து, சிலிக்கோன் பசை தடவி, முறுக்கோ தூசியோ இல்லாமல் பொருத்தினாரா என்பது தெரியாது. அழுத்தச் சோதனைக் கருவி அவரிடம் பெரும்பாலும் இராது. கடிகாரம் முன்போலவே ஓடும். முகப்பில் 200 மீட்டர் என்ற எழுத்தும் முன்போலவே இருக்கும். ஆனால் அந்த எழுத்துக்கு இப்போது பொறுப்பேற்க யாரும் இல்லை.

கண்ணாடியின் உட்புறம் ஈரம் உள்ளதா என்று பார்க்கத் தரநிலைகளிலேயே ஓர் எளிய சோதனை உண்டு. கடிகாரத்தை 40 முதல் 45 பாகை செல்சியசு வரை இளஞ்சூடாக்கி, கண்ணாடியின்மீது அறை வெப்பநிலையிலுள்ள ஒரு துளி நீரை விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். உட்புறம் பனித்திருந்தால் ஏற்கெனவே ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள். பனிக்கவில்லை என்பதால் ஆழம் தாங்கும் என்று பொருளாகாது. ஒவ்வொரு முக்குளிப்புக்குப் பின்னும் நன்னீரில் கழுவுவது இச்சோதனையைவிடப் பயன் தரும் பழக்கம்.

சில ஆர்வலர்கள் எஃப்-91டபிள்யூ போன்ற எண்முறைக் கடிகாரத்தைத் திறந்து, உள்ளே சிலிக்கோன் எண்ணெய் நிரப்பி மூடுகின்றனர். நீர்மம் எளிதில் அமுங்காது என்பதால் கூடு நசுங்க இடமில்லாமல் போகிறது. ஜெர்மனியின் சின் நிறுவனம் எண்ணெய் நிரப்பிய குவார்ட்ஸ் முக்குளிப்புக் கடிகாரங்களைத் தொழில்முறையில் செய்துவருகிறது. ஆகவே கொள்கை சரியானதே. வீட்டு மேசையில் செய்யும்போது ஒரு காற்றுக்குமிழ் உள்ளே தங்கினாலும் பயன் குறைந்துவிடும். தவறுதலாக அமுங்கும் பொத்தான் என்ற அடிப்படைக் குறையையும் எண்ணெய் தீர்ப்பதில்லை.

கடிகாரம் காட்டாதவை

மலிவோ விலையுயர்ந்ததோ, கைக்கடிகாரம் நேரத்தை மட்டுமே காட்டும். 18 மீட்டர் என்று நினைத்துக்கொண்டு 24 மீட்டரில் இருப்பவருக்கு அவருடைய கடிகாரம் எவ்வளவு சரியாக ஓடினாலும் பயனில்லை. கடிகாரத்தை நம்பி முக்குளிப்பவருக்கு ஆழமானியும், நீரில் நனையாத அட்டவணையும், அதைப் படிக்கத் தெரிந்த அறிவும் சேர்ந்தே வேண்டும். அட்டவணை முறையில் முழு முக்குளிப்பும் மிக ஆழமான இடத்திலேயே நடந்ததாகக் கொள்ளப்படும். சற்றுநேரம் ஆழத்திலும் மீதி நேரம் மேலேயும் இருந்தவருக்கு இதனால் அனுமதி நேரம் குறைகிறது. முக்குளிப்புக் கணினி நொடிக்கு நொடி ஆழத்தைக் கணக்கில் கொள்வதால் கூடுதல் நேரம் தருகிறது. கணினிக்குக் கொடுக்கும் பணம் இந்தக் கணக்குக்காகத்தான்.

எனினும் கணினியும் ஒரு மின்னணுக் கருவி, நடுவில் நின்றுபோகலாம். அப்போது செய்யவேண்டியது மெதுவாக மேலேறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கி, வெளியே வருவது. அந்த மூன்று நிமிடத்தையும் ஏறும் வேகத்தையும் அளக்க ஒரு கடிகாரம் வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டர் என்ற வேகத்தில் ஏறுவதென்றால் 20 நொடிக்கு 3 மீட்டர். பதற்றத்தில் மனம் எண்ணும் நொடிகள் கடிகார நொடிகளைவிட விரைவாக ஓடிவிடும்.

காற்றின் கணக்கிலும் நேரம் உதவும். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவர் 20 மீட்டரில் மூன்று மடங்காக 60 லிட்டர் செலவழிப்பார். 200 வளிமண்டல அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் உருளையில் ஏறக்குறைய 2,400 லிட்டர் காற்று இருக்கும். கடைசி 50 அழுத்தத்தைக் கையிருப்பாக விட்டால் மீதி 1,800 லிட்டர், அதாவது 30 நிமிடம். இக்கணக்கை முன்கூட்டியே போட்டவர், காற்றுமானி 25ஆவது நிமிடத்திலும் பாதிக்கு மேல் காட்டினால் மானியையே ஐயுறுவார். கடிகாரம் இல்லாதவருக்கு அந்த ஐயம் எழ வழியில்லை.

கரையேறிய பின்பும் வேலை முடிவதில்லை. அடுத்த முக்குளிப்புக்கு முன் நீர்மட்டத்தில் கழித்த இடைவேளையை அட்டவணை கேட்கும். வானூர்தியில் ஏறுமுன் ஒற்றை முக்குளிப்புக்குக் குறைந்தது 12 மணிநேரமும் பல முக்குளிப்புகளுக்கு 18 மணிநேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். இந்த வேலைகளுக்கு எந்த மலிவான கடிகாரமும் முழுமையாகப் போதும்.

மதிப்பீடு

'மலிவான கடிகாரம் போதும்' என்ற கூற்று பாதி உண்மை. துல்லியத்தில் அது விலையுயர்ந்ததற்குச் சற்றும் குறைந்ததன்று. சுழல் வளையமும் திருகுச் சாவியும் 200 மீட்டர் எண்ணும் கொண்ட எம்டிவி-106 வகைக் கடிகாரம், திறக்கப்படாத நிலையில், நல்ல பட்டையுடன், பொழுதுபோக்கு முக்குளிப்பின் ஆழங்களுக்குத் தக்க நேரங்காட்டி எனலாம். 'டைவர்ஸ்' சான்று அதற்கு இல்லை என்பதை அறிந்தே அதை அணிய வேண்டும்; உயிர் அதை மட்டும் நம்பி இருக்கும் நிலையைத் தவிர்க்க வேண்டும்.

எஃப்-91டபிள்யூ வகைக் கடிகாரம் ஆழமற்ற நீரில் ஒருமுறையன்றிப் பலமுறை தப்பிப் பிழைக்கக் கூடும். பிழைத்த கடிகாரங்களைப் பற்றிப் பேச அவற்றின் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். நீர் புகுந்தவை குப்பைக்குப் போய்விடுகின்றன. இதனால் அவற்றைப் பற்றிய புகழ் உண்மையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நீரைத் தாங்கினாலும், பொத்தானின் பிழை ஆபத்தான திசையில் செல்வதால் அதை முதன்மை நேரங்காட்டியாகப் பரிந்துரைக்க முடியாது. படகில் இடைவேளைகளைக் கணக்கிடவும், எழுதிய மணியோடு ஒப்பிடும் துணைக்கடிகாரமாகவும் அதற்கு இடம் உண்டு.

'விலை கூடினால்தான் பாதுகாப்பு' என்ற மறுகூற்றும் பாதி உண்மையே. பத்தாண்டுகள் பழுதுபார்க்கப்படாத விலையுயர்ந்த கடிகாரத்தின் ரப்பர் வளையத்தைவிடப் புதிய மலிவான கடிகாரத்தின் வளையம் நம்பத்தக்கது. பணம் குறைவாக உள்ள மாணவர் விலையுயர்ந்த கடிகாரத்துக்காகச் சேமிப்பதைவிட, மலிவான கடிகாரத்தோடு நிறுத்திக்கொண்டு மீதித் தொகையை முறையான பயிற்சிக்கும், பின்னர் ஓர் எளிய முக்குளிப்புக் கணினிக்கும் செலவிடுவதே பொருத்தமானது. கணினி வாங்கிய பிறகும் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை. ஒரு கையில் கணினியும் மறுகையில் கடிகாரமும் இருந்து, இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் இரண்டும் சரியாக இயங்குகின்றன என்பது உறுதியாகும். வேறுபட்டால், கூடுதலான நேரத்தைக் காட்டுவதையே நம்பி மேலே வரத் தொடங்க வேண்டும்.